ஒற்றைக்கால் துணை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பயணத்தில் புகைப்படம் எடுப்பதைப் பற்றி அரைமணி நேரம் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். இசைந்தேன். ஆனால் நான் காமிராவைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. எந்தக் காமிரா சிறந்தது, எது மலிவானது என்பவற்றை நம் காலனிப் பிள்ளைகள் என்னைவிட நன்கு அறிவார்கள். நான் பேச வந்திருப்பது ஒரு தடியைப் பற்றி. ஆம், வெறும் தடிதான். சங்கப் புலவர்களிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்று ஒருவர் இருந்தார். பூண் கட்டிய ஊன்றுகோலைப் பாடியதனாலேயே அந்தப் பெயர் அவருக்கு நிலைத்தது. ஊன்றுகோலால் பெயர் பெற்ற புலவரைப் பெற்ற மொழிக்கு உரியவர்கள் நாம். ஆகையால் ஒரு கோலைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதா என்று யாரும் என்மீது வருத்தம் கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் சொல்லும் தடிக்குக் கடைக்காரர்கள் ‘மோனோபாட்’ என்று பெயர் சொல்வார்கள். நாம் ஒற்றைக்கால் தாங்கி என்போம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நான்கைந்து குழாய்கள். அடியில் ஒரு ரப்பர்ப் பாதம். உச்சியில் காமிராவின் அடிப்புறத்தில் பொருந்தும் ஒரு திருகு. கையில் மாட்டிக்கொள்ள ஒரு வார். இவ்வளவே அதன் உறுப்புகள். மடக்கினால் ஒரு முழத்தைச் சற்றுக் கடக்கும். நீட்டினால் ஆள் நெற்றி வரை எட்டும். எடை அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் அளவுக்கு மேல் போகாது. மூன்று கால் கொண்ட முக்காலியோ, பயணத்துக்கென்றே செய்த இலேசான வகையாக இருப்பினும், ஒரு கிலோவுக்குக் குறைவது அரிது. இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். கைப்பேசியை நுனியில் மாட்டித் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்ளும் ‘செல்பி’ கோலையும் நம் நாட்டுக் கடைகளில் மோனோபாட் என்றே விற்கிறார்கள். அது வேறு, இது வேறு. அது கையிலே தொங்குவது. இது தரையிலே ஊன்றுவது.

இத்தடிக்கு என்ன தேவை வந்தது? நம் சங்க மலருக்கு ஆண்டுதோறும் குடும்பங்களிலிருந்து வரும் படங்களைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். ஊருக்குப் போன இடத்தில் எடுத்த படங்கள், திருமண வீட்டுப் படங்கள், மலைச் சுற்றுலாப் படங்கள், பாதிக்குமேல் கலங்கியிருக்கும். வெயிலில் எடுத்தவை நன்றாக இருக்கும். வீட்டுக்குள்ளே, மண்டபத்துக்குள்ளே, அந்திப் பொழுதிலே எடுத்தவையே கலங்கும். காமிராவின்மேல் பழி போடுவோம். பாவம், அது என்ன செய்யும்? வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டியிருக்கிறது. அந்நேரத்துக்குள் நம் கை அசைகிறது. மூச்சு அசைக்கிறது, நாடித்துடிப்பு அசைக்கிறது, பொத்தானை அழுத்தும் விரலே காமிராவைக் கீழே தள்ளுகிறது.

இதற்குப் பழைய புகைப்படக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். லென்ஸின் குவியநீளம் எத்தனை மில்லிமீட்டரோ, விநாடியில் அத்தனையில் ஒரு பங்குக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்கலாகாது என்பது அது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் விநாடியில் 1/50 பங்கு. 200 என்றால் 1/200 பங்கு. 35 மில்லிமீட்டர் பிலிமுக்குச் சொன்ன கணக்கு இது. சிறிய உணர்பரப்புள்ள காமிராக்களில் இன்னும் கண்டிப்பாக இருக்கவேண்டும். ஒற்றைக்கால் தாங்கியை முறையாகப் பிடித்தால் இக்கணக்கில் இரண்டு படி, கை பழகியவருக்கு மூன்று படி, தளர்வு கிடைக்கும். ஒரு படி என்பது இரு மடங்கு. எனவே 1/200 பங்கு வேண்டிய இடத்தில் 1/50 பங்கு போதும். நன்கு பழகியவருக்கு 1/25 பங்கும் கூடும்.

தடியும் காலும் புகைப்படக் கலைக்குப் புதியன அல்ல. நம் தமிழகத்தின் கோயில்களை முதன்முதலில் விரிவாகப் படம் எடுத்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858-ஆம் ஆண்டு மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களின் படங்களை வெளியிட்டார். அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அதற்கு வெளிச்சம் நெடுநேரம் வேண்டும். பெரிய மரக் காமிராவையும் கால்களையும் மருந்துகளையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் ஊர் ஊராகச் சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, ஒரே நீளமான சுருளாக்கிய பெருமை அவருடையது. காமிரா ஒரு மயிரிழை அசைந்திருந்தால் அந்த எழுத்துகள் நமக்குக் கிட்டியிரா. சாமுவேல் போர்ன் என்பவர் 1866-இல் இமயத்தின் மணிராங் கணவாயில், ஏறக்குறைய 18,600 அடி உயரத்தில், ஈரமருந்து பூசிய கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தார். அவருக்குப் பின்னே சுமை தூக்கும் கூட்டமே நடந்தது. பின்னர் 1925-இல் ஜெர்மனியிலிருந்து லைகா காமிரா விற்பனைக்கு வந்தது. கையடக்கமான காமிரா பரவியது, கால்கள் போயின. விடுதலை வந்தது, கூடவே நடுக்கமும் வந்தது. மாட்டுவண்டியும் வேண்டாம், வெறுங்கையும் வேண்டாம் என்பார்க்கு நடுவே நிற்பதுதான் இந்த ஒற்றைக்கால்.

நம்மைப் போன்று பிற மாநிலத்தில் வாழ்வோருக்கு இது ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஹௌராவிலிருந்து சென்னைக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் ஒரு நாளுக்கும் அதிகமான பயணம். ஆண்டுக்கு ஒருமுறை போகிறோம். போனால் ஊரில் நான்கு நாளோ ஐந்து நாளோ தங்குகிறோம். அங்கே ஓட்டு வீடு இருக்கிறது. நடையைக் கடந்தால் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், உள்ளே கூடம். அந்தக் கூடத்தில், முற்றத்திலிருந்து வரும் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழும்படி, பாட்டியார் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். இந்தக் காட்சியைத்தான் நம் பிள்ளைகளுக்கு வைத்துப்போக வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. காமிராவை எடுக்கிறோம், பிளாஷைப் போடுகிறோம். முற்றத்து வெளிச்சம் போயிற்று. பாட்டியின் முகம் சுண்ணாம்புச் சுவர்போல் வெளுக்கிறது. பின்னாலிருந்த மரத்தூண் இருளில் மறைகிறது. பாட்டியாரும் திடுக்கிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். பிளாஷ் இல்லாமல் எடுத்தாலோ கலங்குகிறது.

இங்கே தடியை ஊன்றிப் பாருங்கள். 100 மில்லிமீட்டர் அளவுக்கு நெருங்கிய காட்சி வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். வெறுங்கையில் 1/100 பங்கு வேண்டும், அதற்காக ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறனை 3,200-க்கு ஏற்றவேண்டி வரும். படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். தடி இருந்தால் 1/25 பங்கு போதும். உணர்திறனும் 800-க்கு இறங்கும். முகத்தின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் தெளிவாக வரும். சுருக்கம் தெரிந்தால் என்ன என்று கேட்கலாம். அந்தச் சுருக்கங்களுக்காகத்தானே படம் எடுக்கிறோம்!

அந்த வீடுகள் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கும்? நம் காலனியில் இருக்கும் குடும்பங்களில் ஊர் வீட்டை விற்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விற்பனைப் பத்திரம் பதியும் நாளுக்கு முந்திய நாள் போய், அவசரமாகக் கைப்பேசியில் எடுத்து வந்த படங்களைச் சிலர் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். தூண், நிலைக்கதவு, அடுக்களை, கிணற்றடி எல்லாம் இருக்கின்றன. ஒன்றிலாவது கதவின் செதுக்குவேலை தெரிகிறதா என்றால் இல்லை. அவற்றை மீண்டும் எடுக்க முடியாது. ஐந்நூறு கிராம் எடையை மிச்சம் பிடித்ததன் விலை அது.

ஆயினும் இத்தடியால் ஆகாத காரியங்களையும் ஒளிவின்றிச் சொல்லவேண்டும். நம் கையின் அசைவைத்தான் இது குறைக்கும். எதிரே இருப்பவரின் அசைவை நிறுத்தாது. 1/25 பங்கில் பாட்டியார் தலையைத் திருப்பினால் படம் கலங்கத்தான் செய்யும். பேசிக்கொண்டிருப்பவரை எடுக்க 1/60 பங்கேனும் வேண்டும். விளையாடும் குழந்தைக்கு அதுவும் போதாது. அருவி நீரைப் பஞ்சுபோல் காட்டும் படங்களும், விண்மீன்கள் வட்டமிடும் படங்களும் விநாடிக்கணக்கில், நிமிடக்கணக்கில் திறந்துவைத்து எடுப்பவை. அவற்றுக்கு முக்காலிதான். ஒற்றைக்கால் மேலும் கீழுமான அசைவை நன்றாக அடக்கும். பக்கவாட்டு அசைவை நம் உடம்புதான் அடக்கவேண்டும். அடியில் மூன்று சிறு விரல்கள் விரியும் வகையும் விற்கிறார்கள். அதை நம்பிக் காமிராவைத் தனியே நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால், அடுத்த நிமிடம் காமிரா தரையில் கிடக்கும்.

இன்னொரு வினாவையும் இளைஞர்கள் எழுப்புவார்கள். “இப்போதுதான் லென்ஸிலும் காமிராவுக்குள்ளும் அசைவைத் தடுக்கும் பொறி வந்துவிட்டதே, தடி எதற்கு?” நியாயமான வினா. 1995-இல் கானன் நிறுவனம் தன் லென்ஸ் ஒன்றில் அப்பொறியை வைத்தது. இன்று அது மிகவும் வளர்ந்துவிட்டது. அகன்ற காட்சிகளுக்கு அதுவே போதும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொறி எடையைத் தாங்காது. நீண்ட லென்ஸோடு ஒரு பறவைக்காக இருபது நிமிடம் காத்திருக்கும்போது தளர்வது பொறியன்று, நம் தோள்தான். படத்தின் எல்லையை ஒழுங்காக வைத்து, அதே இடத்தில் நிறுத்தி, சரியான முகபாவம் வரும்வரை பொறுத்திருக்கவும் தடி உதவும். அசையும் படம் எடுப்போருக்கோ இதன் பயன் சொல்லவேண்டுவதில்லை.

இனி ஊன்றும் முறை. தடி வாங்கியவர்களில் பலர் அதைக் கொடிக்கம்பம்போல் நேராக நட்டு, அதன் பின்னே கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி நின்றால் தடியோடு நாமும் ஆடுவோம். முக்காலிக்கு மூன்று கால்கள் உண்டல்லவா? நம்மிடம் இரண்டு கால்கள் இருக்கின்றன, மூன்றாவதாகத் தடி. தடியின் பாதத்தை உடம்புக்கு முன்னே ஓர் அடி தள்ளி வையுங்கள். நம் கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, தடியின்மேல் சிறிது சாயுங்கள். தடி நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும். நாம் தடியை நோக்கிச் சாய்ந்திருப்போம். முழங்கைகள் விலாவோடு ஒட்டட்டும். இடக்கை லென்ஸின் அடியிலோ தடியின் கழுத்திலோ இருந்து அதைக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தட்டும். காமிரா நெற்றியிலும் புருவத்திலும் படியட்டும். மூச்சை விட்டபின் ஒரு கணம் நிறுத்தி, பொத்தானைக் குத்தாமல் பிழிவதுபோல் அழுத்துங்கள். ஒரே படத்தோடு நிறுத்தாமல் தொடர்ந்து நான்கைந்து எடுங்கள். அவற்றுள் நடுவே எடுத்த ஏதேனும் ஒன்று பெரும்பாலும் அசையாமல் இருக்கும்.

பக்கத்தில் தூணோ சுவரோ இருந்தால் தடியை அதனோடு சேர்த்துக் கையால் இறுகப் பற்றிக்கொள்ளுங்கள். பக்கவாட்டு ஆட்டமும் நின்றுவிடும். உட்கார்ந்து எடுப்பவர்கள் தடியைக் குறுக்கி இரு முழங்கால்களுக்கும் இடையே இடுக்கிக்கொள்ளலாம். இடமே இல்லாத கூட்டத்தில் அரைமுழம் மட்டும் நீட்டி, அடிப்பாதத்தை இடுப்பு வாரில் செருகிக்கொள்வதும் ஒரு வழி. நீட்டும்போது எப்போதும் பருத்த குழாய்களை முதலில் நீட்டவேண்டும். அடியிலுள்ள மெல்லிய குழாய் வளைந்து கொடுக்கும். அது கடைசித் தேவைக்கு உரியது.

நம் சங்கத்தில் எழுபதைக் கடந்த பெரியோர்கள் பலர் இருக்கிறார்கள். வேலை பார்த்த காலமெல்லாம் ஊர்ப்பயணத்துக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, இப்போது காலம் கிடைத்திருக்கிறது, கைதான் நிலைகொள்ளவில்லை. அவர்களுள் ஒருவர், இளமையில் தாமே பிலிம் கழுவிப் படம் போட்டவர், காமிராவைப் பேரனிடம் கொடுத்துவிட்டு நாம் பார்ப்பதோடு சரி என்று ஒதுங்கிவிட்டார். நான் அவர் கையில் இத்தடியைக் கொடுத்தேன். எடை தரைக்குப் போய்விட்டது. கை செய்யவேண்டியது திசை காட்டுவது மட்டுமே ஆயிற்று. விரலின் நடுக்கத்துக்கு இரண்டு விநாடிக் காலத்தாமத அமைப்பை வைத்துக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தி விரலை எடுத்தபின் காமிரா தானே படம் எடுத்துக்கொள்ளும். அவர் இப்போது மறுபடியும் தெற்கே போகும்போதெல்லாம் படம் எடுத்து வருகிறார். பேரன் எடுத்தவற்றைவிட அவர் எடுத்தவையே எனக்குப் பிடித்திருக்கின்றன. யாரிடம் எந்த முகம் எப்போது மலரும் என்பதை அவர் அறிவார்.

ஆனால் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இது ஊன்றுகோல் போல் தோன்றினும் ஊன்றுகோலன்று. குழாய்களை இறுக்கும் பூட்டுகள் காமிராவின் எடைக்கென்று அமைந்தவை; மனிதரின் எடை திடீரென்று விழுந்தால் வழுகி உள்ளே போகும். படிக்கட்டில் இதை நம்பி இறங்கலாகாது. நடப்பதற்கு வேறு கோல் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் இத்தடி எங்கெங்கே பயன்படும் என்று கேட்கிறீர்கள். துர்க்கா பூஜையைவிடச் சிறந்த பயிற்சிக்களம் கிடையாது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ கல்கத்தாவின் துர்க்கா பூஜையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சப்தமி, அஷ்டமி இரவுகளில் பந்தலுக்குள் முக்காலியை விரிக்க இயலுமா? விரித்தால் பத்துப்பேர் தடுக்கி விழுவார்கள். காவலர் நம்மை வெளியேற்றுவார். ஒற்றைக்காலுக்கு ஓர் உள்ளங்கை அளவு இடம் போதும். அகன்ற லென்ஸை, 24 மில்லிமீட்டர் அளவில், பூட்டி 1/6 பங்கில் எடுத்துப் பாருங்கள். அன்னையின் திருவுருவம் அசையாமல் நிற்க, கீழே மக்கள் வெள்ளம் ஆறுபோல் ஓடுவதாகப் படத்தில் வரும். கண்ணால் காண இயலாத அக்காட்சியைக் காமிரா காட்டும்.

பூஜைக்குச் சில வாரங்களுக்கு முன் குமார்துலிக்குப் போவோரும் நம்மில் உண்டு. குறுகிய சந்துகள், இருண்ட கொட்டகைகள், வைக்கோலும் களிமண்ணுமாக உருவங்கள். தோளிலே மண் சுமந்து வருவோர்க்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நிற்கத் தடிதான் ஏற்றது. கலைஞரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்களுக்கு அது வேலை நேரம், நமக்குத்தான் வேடிக்கை.

விஷ்ணுபூரை அறிந்தவர்கள் அங்குள்ள ராசமஞ்சத்தை மறக்கமாட்டார்கள். 1600-ஆம் ஆண்டளவில் வீர ஹம்பீர மன்னர் எழுப்பியதாகச் சொல்லப்படும் செங்கல் கட்டடம் அது. உள்ளே வளைவுக்குப்பின் வளைவாக நடைகள் செல்கின்றன. வெளியே வெயில், உள்ளே நிழல். ஒரு தூணோடு தடியைச் சேர்த்துப் பிடித்து எடுத்தால் அந்த வளைவுகளின் வரிசை முழுதும் கிடைக்கும்.

சுந்தரவனத்தில் விசைப்படகில் போகும்போது ஒரு நுட்பம் தேவை. எஞ்சினின் அதிர்வு பலகை வழியாகத் தடியில் ஏறிக் காமிராவுக்குப் போகும். ஆகவே தடியைப் பலகையில் ஊன்றாமல் நம் காலணியின்மேல் ஊன்றவேண்டும். உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும். படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினால் இன்னும் நலம். டார்ஜிலிங்கின் புலிக்குன்றில் விடியலுக்கு முன் நின்று காஞ்சன்ஜங்காவைக் காண்பவர்கள் கூட்டத்தின் இடிபாட்டில் முக்காலி படும் பாட்டைப் பார்த்திருப்பார்கள். குளிரில் அலுமினியக் குழாய் கையைச் சுடும். டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் நாடாவை மேற்குழாயில் சுற்றிக்கொண்டால் கைக்கும் இதம், பிடிக்கும் உறுதி.

சட்டதிட்டங்களை ஒரு வார்த்தை. மைய அரசின் தொல்லியல் துறை காக்கும் நினைவுச்சின்னங்களில் முக்காலிக்கு முன்னனுமதி வேண்டும். ஒற்றைக்காலைச் சில வாயில்களில் விடுவார்கள், சில வாயில்களில் தடுப்பார்கள். வாதாடிப் பயனில்லை, முன்னதாகக் கேட்டுக்கொள்வதே நன்று. தாஜ்மகாலின் சமாதிக் கூடத்துக்குள் படமெடுப்பதே கூடாது. தமிழகத்துக் கோயில்களில் கைப்பேசியைத் தடைசெய்யுமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. இறைவனைத் தரிசிக்கச் செல்லுமிடத்தில் காமிராவும் தடியும் வெளியே இருக்கட்டும். கோபுரத்தை வீதியிலிருந்து எடுத்தால் போதும். கல் பதித்த தளங்களில் ரப்பர்ப் பாதமின்றித் தடியை ஊன்றுவது பெரும் தவறு. ரப்பர் தேய்ந்து உலோகம் வெளிப்பட்டால் கல்லில் கீறல் விழும். புது ரப்பரின் விலை அற்பம்.

இதைவிட முக்கியமான ஒன்று. கூட்டத்துக்கு மேலே காமிராவைத் தூக்கிப் படமெடுக்க இத்தடி மிகவும் வசதியானது. பத்து விநாடித் தாமதம் வைத்து, தடியை முழுதும் நீட்டித் தலைக்குமேல் உயர்த்தினால் தேரோட்டக் காட்சியை மாடியிலிருந்து பார்ப்பதுபோல் எடுக்கலாம். ஆனால் உயர்த்துமுன் மேலே பாருங்கள். ரயில்பாதைக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. தொடவே வேண்டுவதில்லை, நெருங்கினாலே அது பாயும். இரண்டு மீட்டருக்குள் எதுவும் செல்லலாகாது என்பது ரயில்வேயின் எச்சரிக்கை. அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை அனைவரும் அறிவோம். கார்பன் ஃபைபரும் கடத்தும் என்பதைப் பலர் அறியார். ஆகையால் ரயில்நிலைய மேடையில், நடைபாலத்தில், தெருக்கம்பிகளுக்கு அடியில் இத்தடியை உயர்த்தவே வேண்டாம். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதுதான். படமெடுக்கும் முறையைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டுவன சில. முழுதும் நீட்டினால் காமிரா நம் கண்ணுக்கு எட்டுகிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள். குனிந்து எடுக்கவைக்கும் தடி ஒரு வாரத்தில் பரண்மேல் ஏறிவிடும். சரிவில் நிற்க நேர்ந்தால் நான்கு விரற்கடை கூடுதலாகவே வேண்டும். ஐந்து குழாய் உள்ளது சிறிதாக மடங்கும். நான்கு குழாய் உள்ளது உறுதியாக நிற்கும். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் நான்கையே சொல்வேன். திருகிப் பூட்டுவது, நெம்பிப் பூட்டுவது என இருவகை உண்டு. நெம்பும் வகை முதியோர் விரல்களுக்கு எளிது. கார்பன் ஃபைபர் இன்னும் இலேசு; விலை அதிகம்; அலுமினியத்துக்கும் அதற்கும் உள்ள எடை வேற்றுமை ஒரு சிறு மாம்பழத்தின் அளவே. அலுமினியமே போதும். உச்சியில் எல்லாப் பக்கமும் திரும்பும் பந்துத்தலை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். என் கருத்தில் அது வீண் செலவு, வீண் பாரம். தடியையே சுழற்றலாம், சாய்க்கலாம். நீண்ட லென்ஸ் உள்ளவர்களுக்கு ஒரே பக்கம் சாயும் சிறு தலை போதுமானது. திருகு கால் அங்குலம், எட்டில் மூன்று அங்குலம் என்றெல்லாம் குழம்பவேண்டாம். காமிராவின் அடியில் உள்ளது பெரும்பாலும் கால் அங்குலத் திருகுதான். அதற்கு மேற்பட்டதைக் கடைக்காரர் ஓர் இணைப்புத் துண்டால் சரிசெய்வார்.

காமிராவே இல்லை, கைப்பேசிதான் உண்டு என்பார் நம்மில் மிகுதி. அவர்களுக்கும் இது ஏற்றதே. கைப்பேசியைக் கவ்வும் ஒரு சிறு பிடி கிடைக்கிறது. அதன் அடியிலும் அதே கால் அங்குலத் துளைதான். இரவுக் காட்சிகளில் கைப்பேசி ஒன்றிரண்டு விநாடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அந்நேரத்தில் அசையாதிருந்தால் படத்தின் தெளிவு வியப்பூட்டும். திரையைத் தொடாமல் மூன்று விநாடித் தாமதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்புக்கு அதிகம் சொல்லவேண்டுவதில்லை. புரி, இராமேசுவரம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களுக்குப் போய்வந்தால் குழாய்களைப் பிரித்து நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திப் பூட்டுங்கள். உப்பும் மணலும் உள்ளே இருந்தால் அடுத்த பயணத்தில் தடி நீளாது, நீண்டால் மடங்காது. விமானத்தில் செல்வோர் பெரிய பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது நலம். கைப்பையில் வைத்தால் சோதனை அலுவலரின் மனநிலையை நாம் முன்கூட்டி அறிய இயலாது. ரயிலில் இருக்கைக்கு அடியில் படுக்கவைத்துவிடலாம். இறங்கும்போது எடுக்க மறவாதிருந்தால் போதும்.

மேடைக்கு இடப்பக்கத்து மேசையில் மூன்று வகைத் தடிகளையும் கைப்பேசிப் பிடி ஒன்றையும் வைத்திருக்கிறேன். சிற்றுண்டி இடைவேளையில் எடுத்து ஊன்றிப் பார்க்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் யாருக்கேனும் வேண்டுமானால் அவற்றுள் இரண்டை இரவலாகத் தரவும் அணியமாயிருக்கிறேன். பெயரைச் செயலாளரிடம் எழுதிக்கொடுங்கள். பெரிய வீட்டுப் படங்களை எடுக்கப் போகிறவர்களுக்கே முதலுரிமை.